படிக்கட்டுக்கு மிக நெருங்கியவர்

படிக்கட்டு இடிந்து விழுந்தபோது தையல்காரர் தெருவுக்கு எதிர்ப்பக்கம் தன் கடையில் இருந்தார். அவர் மனைவி இரண்டாம் மாடியில் வீட்டில் இருந்தாள். அந்தப் படிக்கட்டோடு அவர்களுக்கிருந்த சம்பந்தம் அவ்வளவுதான் என்று நாம் நினைக்கலாம். நாம் நினைப்பதை வாரியம் எப்போது கேட்டிருக்கிறது?

வாரியம் என்றால் குடியிருப்பு வாரியம். கட்டடம் அதனுடையது. முதல் மாடி முழுவதும் வாரியம் தன் பழைய கோப்புகளை அடுக்கிப் பூட்டி வைத்திருந்தது. இரண்டாம் மாடியில் இரண்டு வீடுகள். பக்கத்து வீட்டுக்காரர்களைத் தீயணைப்புக்காரர்கள் அன்றே ஏணி வைத்து இறக்கினார்கள். மறுநாள், குடியிருப்பில் குடியிருக்கவில்லை என்ற காரணத்தால் அவர்களுடைய ஒதுக்கீடு ரத்தாயிற்று. அது தெரிந்துவிட்டதால், அதே ஏணி மறுபடி வந்து தன் சன்னலில் சாய்ந்தபோது தையல்காரரின் மனைவி கதவைப் படாரென்று சாத்திவிட்டாள்.

"படி கட்டுங்க, இறங்கி வரேன். இல்லன்னா இங்கயேதான் இருப்பேன்."

ஏணி போய்விட்டது. தையல்காரர் சொந்தமாக ஓர் ஏணி வாங்கிச் சாத்தி வைத்தார். அனுமதியின்றி மாற்றுப் படிக்கட்டு அமைத்ததாகச் சொல்லி வாரியம் அதைப் பறிமுதல் செய்தது.

அதிலிருந்து குடும்பம் கயிற்றில் ஓடியது. மேலே ஒரு தையல் இயந்திரம் இருந்தது நல்லதாகப் போயிற்று. வெட்டிய துணி கூடையில் மேலே போகும், தைத்த சட்டை கீழே வரும். துணியோடு ரொட்டி, தண்ணீர், சோப்பு, சில நேரம் சண்டை. தையல்காரர் கடையில் துணி வெட்டும் மேசை மேலேயே படுத்துக்கொண்டார். படுத்தாரே தவிர தூங்கவில்லை. எழுந்து நடப்பார், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவிக் கையில் சுற்றுவார், வெளியே வந்து சன்னலைப் பார்ப்பார், உள்ளே போவார். இந்தக் காலத்தில் அவர் வெட்டிக் கொடுத்த சட்டைகளில் பாதிக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

கை சும்மா இருக்க முடியாமல் வாரியத்துக்கு விடாமல் புகார் எழுத ஆரம்பித்தார். அதற்கு முன், படியில் விரிசல் என்று நாலைந்து தடவை ஒரு வரி எழுதிப் போட்டதோடு சரி. எழுத்து அவருக்கு வராது. ஆனால் கோபம் வந்தது, எழுத்து அதன் பின்னாலேயே வந்துவிட்டது. படிக்கட்டு எப்போது வரும், படிக்கட்டு ஏன் வரவில்லை, படிக்கட்டு இல்லாமல் சோப்பைக் கூடக் கயிறு கட்டித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது, நேற்று கயிறு அறுந்து சோப்பு சாக்கடையில் விழுந்தது. தினமும் ஒன்று. வாரியம் தினமும் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்துக் கொடுத்தது. பெற்றுக்கொள்வதில் வாரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

இதற்கிடையில் விபத்து விசாரணைக் கோப்பு ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. எந்த நிறுவனத்திலும் கோப்பு இந்த உயரம் வந்ததும் ஒன்று அதைப் படிக்க வேண்டும், அல்லது ஏதாவது வாங்க வேண்டும். வாரியம் மென்பொருள் வாங்கியது. எத்தனை ஆயிரம் பக்கம் கொடுத்தாலும் விழுங்கிவிட்டு, அதில் யார் யாருக்கு என்ன உறவு என்று படம் போட்டுக் காட்டுமாம். ஒவ்வொரு ஆளும், ஒவ்வொரு பொருளும் ஒரு வட்டம். எந்த இரண்டு பெயர் பக்கத்துப் பக்கத்தில் அடிக்கடி வருகிறதோ, அந்த வட்டங்களுக்கு நடுவே தடித்த கோடு. கோடு தடிக்கத் தடிக்க உறவு நெருக்கம், வட்டமும் பெருத்துக்கொண்டே போகும்.

அதன் தொடக்க விழாவில் வாரியத் தலைவர் பேசினார். "நம்ம கோப்புகளை யாருமே படிக்கறதில்லைன்னு மக்கள் மத்தியில ஒரு குறை இருந்தது. அது நியாயமான குறைதான். இன்னையோட அது தீர்ந்தது. இனிமே இயந்திரம் படிக்கும். நாம படிக்கணுமோங்கற பயம் யாருக்கும் வேண்டாம்." அரங்கம் நெடுநேரம் கைதட்டியது. உண்மையான நிம்மதியோடு தட்டப்பட்ட கைதட்டல் அது.

அடுத்த வாரமே தையல்காரருக்கு அழைப்பு வந்தது. படி கட்டப் போகிறார்கள் என்று நினைத்து, இருந்ததில் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

விசாரணைப் பிரிவு ஒரு நீள அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பெரிய திரை. அதன் முன்னால் கணினியை இயக்கும் பெண் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். விசாரணை அதிகாரி எழுந்து வந்து தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெகுநாள் தேடியவர் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

"நடுவுல பாருங்க. பெருசா ஒரு வட்டம் இருக்கே, அதுதான் படிக்கட்டு."

"சரி சார்."

"அதை ஒட்டி இன்னொண்ணு, கிட்டத்தட்ட அதே அளவுல. அது யாரு தெரியுமா?"

"யாரு சார்?"

"நீங்க."

தையல்காரர் திரையைப் பார்த்தார். தன்னை இவ்வளவு குண்டாக அவர் எங்கும் பார்த்ததில்லை.

"நான் புகார் குடுத்தேன் சார். அதான் என் பேரு வருது."

"அதை இயந்திரம் பாத்துக்கும். இத்தனை ஆயிரம் பக்கத்துல படிக்கட்டோட இவ்வளவு நெருக்கமா இருந்தவங்க வேற யாருமே இல்ல. விபத்துக்கு முன்னாடியே நாலஞ்சு தடவை படியில விரிசல்னு எழுதியிருக்கீங்க. விழப்போறது உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு."

"விரிசல் கண்ணுக்குத் தெரிஞ்சுது சார்!"

"எழுதிக்கோம்மா. தெரிஞ்சுதுன்னு ஒத்துக்கறார்."

தையல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "படி கட்டின ஒப்பந்தக்காரர் எங்க சார் இதுல?"

பெண் திரையின் ஓரத்துக்குப் போய்க் கொசு அளவு ஒரு புள்ளியைக் காட்டினாள். அதிகாரி விளக்கினார். "அவர் கோப்புல ஒரே ஒரு தடவைதான் வரார். 'வேலை திருப்திகரமாக முடிந்தது'ன்னு. அதனால அவருக்கும் திருப்திக்கும் மட்டும்தான் உறவு. படிக்கட்டோட அவருக்குச் சம்பந்தமே இல்ல."

"சரி, வேலையைப் பாத்துக் கையெழுத்துப் போட்ட அதிகாரிங்க?"

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. "நம்ம அலுவலகத்துல ஒரு பண்பாடு இருக்குங்க. ஒருத்தர் பேரை இன்னொருத்தர் கெட்ட சேதிக்குப் பக்கத்துல எழுத மாட்டோம். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து அப்படித்தான். அதனாலதான் இயந்திரத்தால எங்க யாரையும் கண்டுபிடிக்க முடியல. அது எங்க நேர்மைக்குக் கிடைச்ச சான்று."

"அந்த ஒப்பந்தக்காரர் உங்க தலைவரோட மைத்துனர்னு ஊருக்கே தெரியுமே சார்!"

"அப்படியா? தேடிப் பாரும்மா."

பெண் தட்டினாள். "இல்ல சார். ரெண்டு பேருக்கும் நடுவுல கோடு இல்ல."

"பாத்தீங்களா? உறவு இருந்தா இயந்திரம் சொல்லியிருக்கும். தலைவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை யாரும் கோப்புல வைக்கலியே. கோப்புல இல்லாத உறவு எங்களைப் பொறுத்தவரைக்கும் உறவில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு கேக்கணும். படிக்கட்டுக்குப் பக்கத்துலயே ஒரு சோப்பு வட்டம் இருக்கு. நல்ல தடிமனான கோடு. படியில சோப்புப் போட்டு ஏதாவது செஞ்சீங்களா?"

போதாததற்கு அதிகாரி திரையின் இன்னொரு மூலையைக் காட்டினார். "உங்க மனைவி அங்க இருக்காங்க. ரொம்பத் தூரம். கோடும் மெலிசு. எல்லாப் புகார்லயும் படிக்கட்டு படிக்கட்டுன்னுதான் எழுதியிருக்கீங்க, மனைவி எப்பவாவதுதான் வராங்க. குடும்பத்துல ஏதாவது பிரச்சினையா?"

"அவளைக் கேளுங்க சார்! மேலதான் இருக்கா, வந்து பாருங்க!"

"படிக்கட்டுக்கு நெருக்கமானவங்களைத்தான் நேர்ல விசாரிக்கணும்னு விதி. அவங்க நெருக்கம் இல்லையே. அதுவும் மேல போறதுக்குப் படி வேணும். அதிகாரிகள் ஏணியில ஏறக் கூடாது."

அந்தச் சேதி அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் கோபப்பட்டால் அவர் மனைவிக்குத் திருப்தி வராது. சன்னலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"என்னங்க! என்னைவிடப் படிக்கட்டுதான் உங்களுக்கு நெருக்கமாமே?"

"அது மெஷின் சொல்லுது!"

"மெஷின் தானா சொல்லுமா? நீங்க எழுதினதைத்தானே சொல்லுது? அத்தனை காகிதத்துல நான் எத்தனை எடத்துல இருக்கேன், சொல்லுங்க பாப்போம்!"

தையல்காரர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார், ஒரு கைக்கே விரல் மிஞ்சியது. அன்று கூடை கீழே வரவில்லை. அவருக்கு வாரியத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் இறங்கி, மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அவளுக்காகத்தான் எழுதினார், எழுதும்போது அவளை மறந்துவிட்டார்.

மறுநாள் ஒரு மறுப்பு எழுதிக் கொடுத்தார். 'எனக்கும் படிக்கட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. படிக்கட்டை நான் தொடவில்லை. படிக்கட்டு விழுந்ததற்கு நான் காரணம் அல்ல.' இயந்திரம் அதையும் விழுங்கியது. அவருடைய வட்டம் இன்னும் பெருத்தது. எழுதினால்தானே வம்பு என்று எழுதுவதையே நிறுத்தினார். தினமும் வருகிற காகிதம் வராததால், 'படிக்கட்டு பற்றித் தையல்காரர் இன்றும் மௌனம்' என்று ஓர் எழுத்தர் தினமும் குறிப்பு எழுதி வைத்தார். வட்டம் அதிலும் பெருத்தது. பேசினாலும் ஊதியது, பேசாவிட்டாலும் ஊதியது. கடையில் அளவு நாடாவைத் தன் இடுப்பிலேயே சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் உத்தரவு வந்தது. படிக்கட்டுக்கு மிக நெருங்கியவரே விபத்துக்குப் பொறுப்பு. பொறுப்பானவர் சொந்தச் செலவில் படி கட்டித் தர வேண்டும். தவறினால் வீட்டு ஒதுக்கீடு ரத்து. மேலே இருப்பவர் காவலர் உதவியுடன் இறக்கப்படுவார். இறுதி வரைபடம் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் வெளியிடப்படும்.

தையல்காரர் ஓடினார். நிஜமாகவே ஓடினார்; செருப்பு ஒன்று வழியில் கழன்றதைக்கூட அலுவலக வாசலில்தான் பார்த்தார்.

"சார், வீட்டை மட்டும் எடுத்துடாதீங்க. அதுக்காகத்தான் அவ மேலயே கெடக்கா. என்ன எழுதச் சொல்றீங்களோ எழுதறேன்."

அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் முயற்சி வேண்டும். "மன்னிப்புக் கடிதம் குடுங்க. பரிசீலிப்போம்," என்றார்.

தையல்காரர் நாலு வரி எழுதினார். அதிகாரி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தலைவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. மன்னிப்புன்னா ஒவ்வொரு வரியும் அவர்லதான் ஆரம்பிக்கணும். முழுப் பட்டத்தோட. நல்ல சேதிக்குப் பக்கத்துல தலைவரை எத்தனை தடவை வேணா எழுதலாம், தடை கிடையாது. மன்னிப்பு நல்ல சேதிதானே? அப்புறம், நாலு வரியில மன்னிப்புக் கேட்டா கேட்ட மாதிரியே இருக்காது."

அதிகாரியே சொல்லச் சொல்ல, கணினிப் பெண் அடித்தாள். 'மாண்புமிகு வாரியத் தலைவர் அவர்களின் பெருங்கருணையால் கட்டப்பட்ட படிக்கட்டு, மாண்புமிகு வாரியத் தலைவர் அவர்களின் பொற்பாதம் பட்ட படிக்கட்டு, மாண்புமிகு வாரியத் தலைவர் அவர்கள் தம் குழந்தைபோல் நேசித்த படிக்கட்டு...' அதிகாரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பக்கம் பக்கமாகப் போயிற்று. தையல்காரர் எந்த வரியில் மன்னிப்புக் கேட்டோம் என்று தெரியாமலே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

"இது எல்லாக் கோப்புலயும் ஒவ்வொரு பிரதி இருக்கணும். தலைவர் எந்தக் கோப்பைத் திறந்தாலும் கண்ணுல படணும்," என்றார் அதிகாரி.

"சார், இதையெல்லாம் மெஷின்லயும் ஏத்தணுமா?"

"எல்லாத்தையும் ஏத்து."

பெண் ஒரு தடவை அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஏற்றினாள்.

வெளியீட்டு விழாவுக்கு நல்ல கூட்டம். முன் வரிசையில் பத்திரிகையாளர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் திருப்தியான முகத்தோடு ஒப்பந்தக்காரர். தையல்காரரைக் குற்றவாளி என்ற முறையில் மேடைக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். இறுதி அறிக்கையை இயந்திரமே எழுதி அச்சடித்துக் கொடுத்திருந்தது. வாரியத்தின் வழக்கப்படி அதை யாரும் முன்கூட்டிப் படிக்கவில்லை. அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணீரென்ற குரலில் வாசித்தார்.

"அனைத்து ஆவணங்களையும் ஆராய்ந்ததில், இடிந்த படிக்கட்டுக்கு மிக நெருங்கியவர் மாண்புமிகு வாரியத் தலைவர் அவர்கள்."

தலைவரின் பெயர் வந்ததும் கைதட்டுவது அங்கே பழக்கம். தட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் ஒப்பந்தக்காரர். அதிகாரி சிரித்தபடி கைதட்டல் அடங்கக் காத்திருந்து, தொடர்ந்து வாசித்தார். "எனவே விபத்துக்கு முழுப் பொறுப்பு அவரையே சாரும். அவர் தம் சொந்தச் செலவில்..."

அப்போதுதான் தான் வாசிப்பது அதிகாரியின் காதிலேயே விழுந்தது. பின்னால் திரையில் தலைவரின் வட்டம் படிக்கட்டையே மூடிக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை உப்பி நின்றது. தையல்காரர் ஓர் ஓரத்தில் சோப்புக்குப் பக்கத்தில் கடுகாகக் கிடந்தார்.

"சார், அப்போ நீங்கதான் காரணமா?" என்று ஒரு பத்திரிகையாளர் எழுந்தார்.

தலைவர் லேசுப்பட்டவர் அல்ல. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். நெகிழ்ந்துவிட்டார் என்று கூட்டம் நினைத்தது.

"பொறுப்பு வரைபடம்னு தப்பா அச்சாயிடுச்சு. இது அக்கறை வரைபடம். யாருக்குப் படிக்கட்டு மேல அக்கறை அதிகம்னு காட்டறது. அந்த அக்கறை எனக்கு எவ்வளவுன்னு எனக்கே இப்பதான் தெரியுது. நானா சொல்லல, இயந்திரம் சொல்லுது. இந்த மாதமே அங்க படி கட்டறேன். நீங்க எல்லாரும் வந்து படம் எடுக்கணும்." வாய்தவறிச் சொந்தச் செலவு என்று யாராவது கேட்பதற்குள், "வேலையை நம்ம பழைய ஒப்பந்தக்காரரே செய்வார். அவருக்கு அந்தக் கட்டடத்தைப் பத்தி எல்லாம் தெரியும்," என்று முடித்தார்.

கூட்டம் தட்டியது. தையல்காரரும் தட்டினார். வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. யார் கட்டினால் என்ன, அவள் இறங்கி வருவாளே.

வேலை மும்முரமாக நடந்தது. புகைப்படக்காரர் எந்த இடத்தில் நிற்பார், படத்துக்குள் எவ்வளவு உயரம் அடங்கும் என்று முதலில் அளந்துகொண்டார்கள். படத்தின் மேல்பாதிக்குத் தலைவரின் முகம் போட்ட பெரிய பதாகை. எனவே படி முதல் மாடி வரைக்கும் போதும் என்று முடிவாயிற்று. கோப்புகள் இருக்கிற இடத்துக்கு வழி கிடைத்துவிட்டது, வேறு என்ன வேண்டும்? தலைவர் கீழ்ப்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஏறவில்லை, மைத்துனர் கண்ணைக் காட்டித் தடுத்துவிட்டார். கோப்பில் 'வேலை திருப்திகரமாக முடிந்தது' என்று எழுதினார்கள்.

எல்லோரும் போன பிறகு தையல்காரர் பதாகையை விலக்கிக்கொண்டு மேலே போனார். முதல் மாடியில் வாரியத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் படி முடிந்துவிட்டது. அதற்கு மேல் வெறும் ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் அவர் மனைவி குப்புறப் படுத்து, கீழே கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் குதிகாலைத் தூக்கி நின்று கையை உயர்த்தினார். எட்டவில்லை. ஆனால் முகம் நன்றாகத் தெரிந்தது. இத்தனை நாளில் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது சன்னலிலிருந்து அவருக்குத் தெரிந்ததே இல்லை.

"எளைச்சுட்டீங்க," என்றாள்.

"நீயுந்தான்."

"மறுபடி புகார் எழுதுவீங்களா?"

"எழுதாம?"

"இந்தத் தடவை என் பேரை எழுதுங்க. ஒவ்வொரு வரியிலயும். படிக்கட்டுக்குப் பக்கத்துலயே எழுதுங்க."

"அப்புறம் பழி உன் மேல வந்துடுமே!"

"வரட்டும். நெருக்கமானவங்களைத்தான் நேர்ல விசாரிப்பாங்களாமே. ஏணியில ஏற மாட்டாங்களாமே. என்னைப் புடிக்கணும்னா அவங்க படி கட்டித்தான் ஆகணும்."

சொல்லிவிட்டுக் கூடையை இறக்கினாள். கயிறு பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. கூடையில் காகிதமும் பேனாவும் இருந்தன. அவர் காகிதத்தை வாரியத்தின் பூட்டிய கதவின் மேலேயே வைத்து எழுத ஆரம்பித்தார். முதலில் அவள் பேரை எழுதினார். அடுத்து, பழக்க தோஷத்தில், படிக்கட்டு என்று வந்தது. அவள் போட்ட கணக்குக்கு அதுவும் வேண்டும்தான், ஆனாலும் அதை அடித்துவிட்டு மறுபடியும் அவள் பேரையே எழுதினார்.